கோட்டில் வாழும் வீடு: சரீனாவின் அச்சோவியங்களில் முஸ்லிம் பெண்ணின் தன்னிலை

கவிஞர் தம்மைச் சொல்லால் தேடுகின்றனர். ஓவியர் கோட்டாலும் வண்ணத்தாலும் தேடுகின்றனர். தமிழ் வகுப்பறையில் முதல் தேடலுக்கு இடம் மிகுதி. இரண்டாவதற்கு இடம் குறைவு. சங்கப் பாடலில் பேசும் தலைவியின் மனத்தை வரிவரியாக ஆராய்ந்து பழகிய மாணவர், ஓர் ஓவியத்தின் முன் நிற்கும்போது 'அழகாக இருக்கிறது' என்பதற்கு மேல் சொல்லறியாது தயங்குவதுண்டு. அந்த ஓவியத்தைப் படைத்தவர் ஒரு முஸ்லிம் பெண் எனத் தெரிந்துவிட்டால் தயக்கம் இருமடங்காகிறது. அவருடைய சமயம் ஓவியத்தை ஏற்பதில்லையே என்று ஒரு சாராரும், அவர் முகத்திரையைப் பற்றித்தானே வரைந்திருப்பார் என்று மற்றொரு சாராரும் பார்க்கும் முன்னரே முடிவு கட்டிவிடுகின்றனர். இவ்விரு முடிவுகளும் படைப்பைப் பார்க்கவிடாமல் மறைக்கும் திரைகளே ஆகும்.

இந்தியாவின் அலிகார் நகரில் 1937-இல் பிறந்து, உலகின் பல நகரங்களில் வாழ்ந்து, 2020-இல் இலண்டனில் மறைந்த சரீனா ஹாஷ்மியின் அச்சோவியங்கள் இத்திரைகளை விலக்கிப் பார்ப்பதற்குத் தக்க சான்றாக அமைகின்றன. குடும்பப் பெயரை நீக்கிச் 'சரீனா' என்னும் ஒரு சொல்லாலேயே கலையுலகில் அறியப்பட்டவர் அவர். அவர் படைப்புகளில் பெண்ணின் உருவம் அரிது, முகத்திரை பொருளாவதில்லை. ஆயினும் ஒரு முஸ்லிம் பெண் தன்னை யாரென்று கேட்டுக்கொண்ட கேள்வி அவற்றில் ஓயாது ஒலிக்கிறது. அக்கேள்வி எவ்வாறு கோடாயிற்று என்பதே இவண் ஆராயப்படுகிறது.

உருவமும் விலக்கும்

உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது குறித்து இஸ்லாமிய மரபில் தயக்கம் உண்டு என்பது மெய்யே. பள்ளிவாசலிலும் திருக்குர்ஆன் படிகளிலும் மனித உருவம் இடம்பெறுவதில்லை. அவ்விடத்தை எழுத்தணியும், கொடிப்பின்னலும், வடிவக் கணிதக் கோலங்களும் நிரப்பின. எனினும் அரண்மனையிலும் கதை நூல்களிலும் உருவ ஓவியம் பாரசீகத்திலும் முகலாய இந்தியாவிலும் செழித்தே வளர்ந்தது. ஜஹாங்கீர் காலத்து ஓவியங்களில் சஹீஃபா பானு என்னும் பெண் ஓவியரின் பெயர் பொறிக்கப்பட்ட படமும் எஞ்சியுள்ளது. முஸ்லிம் பெண்ணின் கையில் தூரிகை புதிதாக வந்தது என்பார் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.

எனவே ஆராய வேண்டிய கேள்வி, முஸ்லிம் பெண் வரையலாமா என்பதன்று. வரைகின்ற பெண், பிறர் தன்னைப் பற்றி முன்னமே வைத்திருக்கும் படத்தை என்ன செய்கிறாள் என்பதே. அப்படத்தை எடுத்து மாற்றி எழுதலாம். அதனைத் தொடாமலே விட்டுவிட்டு வேறிடத்தில் தன்னைத் தேடலாம். சரீனா சென்றது இரண்டாம் வழி. அதன் தன்மை விளங்க வேண்டுமாயின் முதல் வழியில் சென்ற ஒருவரைச் சிறிது காணுதல் தகும்.

முகத்தின்மேல் எழுத்து

ஈரானின் கஸ்வின் நகரில் 1957-இல் பிறந்த ஷிரின் நெஷாத், இளமையிலேயே அமெரிக்கா சென்றவர். 1979-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின், 1990-இல் தாயகம் சென்று திரும்பிய அவர், 1993 முதல் 1997 வரை 'அல்லாஹ்வின் பெண்கள்' என்னும் ஒளிப்படத் தொடரைப் படைத்தார். கருந்துகில் அணிந்த பெண். துகிலுக்கு வெளியே தெரியும் முகம், கை, பாதம். அருகே ஒரு துப்பாக்கி. தெரிகின்ற உடற்பகுதியின் மீது பாரசீகப் பெண் கவிஞர்களின் வரிகள் மையால் எழுதப்பட்டிருக்கின்றன. பேசாத பெண் என்று உலகம் நினைத்தவளின் தோலே பேசத் தொடங்கியது போன்ற ஆற்றல் இப்படங்களுக்கு உண்டு.

ஆயினும் ஒரு குறையும் உடன் பிறந்துள்ளது. அவ்வெழுத்தைப் படிக்க அறிந்தவர் அப்படங்களின் முன் நின்றோரில் சிலரே. ஏனையோருக்குக் கவிதை வெறும் அணியாகிவிட்டது. மருதாணிக் கோலத்தைப் போல் அதனைக் கண்டு கடந்தனர். அவர்கள் மனத்தில் எஞ்சியவை துகிலும் துப்பாக்கியுமே. பிறர் வைத்திருந்த படத்தை மாற்ற எழுந்த கலை, சிலரிடம் அப்படத்தையே மேலும் அழுத்தமாகப் பதித்துச் சென்றது. இதனை நெஷாத்தின் குற்றம் எனல் ஆகாது. பிறர் கண்ணுக்கு அறிமுகமான அடையாளத்திலிருந்து தொடங்கும் எந்தக் கலைக்கும் உள்ள இடர் அது.

தந்தையின் வீடு

சரீனாவின் தந்தையார் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். சரீனாவோ அதே பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று 1958-இல் பட்டம் பெற்றார். பின்னர், இந்திய வெளியுறவுப் பணியில் இருந்த கணவருடன் நாடு நாடாகச் சென்றார். பேங்காக்கில் மரக்கட்டை அச்சுக்கலை அவருக்கு அறிமுகமாயிற்று. பாரிசில் ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர் நடத்திய 'அத்தெலியே 17' என்னும் அச்சுக்கூடத்தில் பயின்றார். தோக்கியோவில் ஜப்பானிய முறையையும் கற்றார். டில்லியில் வாழ்ந்த நாளில் கிளைடர் என்னும் பொறியில்லா வானூர்தியில் பறக்கவும் பழகினார். 1970-களின் நடுவில் நியூயார்க்கில் குடியேறிப் பல்லாண்டு அங்கேயே வாழ்ந்தார்.

இவ்வாழ்க்கைக் குறிப்புகள் அவருடைய கலையின் திறவுகோல்கள். கணிதம் கோட்டின் சிக்கனத்தைத் தந்தது. வானிலிருந்து நோக்கிய பழக்கம் நிலத்தையும் வீட்டையும் மேலிருந்து காணும் பார்வையைத் தந்தது. ஓயாத இடப்பெயர்ச்சி, எளிதில் சுருட்டி எடுத்துச் செல்லக்கூடிய தாளைத் தந்தது. பெரிய துணித்திரையும் எண்ணெய் வண்ணமும் நிலையான கூடம் உடையோர்க்கு உரியவை. பெட்டியுடன் ஊர்மாறும் ஒரு பெண்ணுக்குத் தாளும் மரக்கட்டையும் போதுமானவையாக இருந்தன.

1947-இல் நாடு பிரிந்தபோது அவருக்கு வயது பத்து. பெற்றோர் உடனே அலிகாரை விட்டுச் செல்லவில்லை. 1959-இலேயே பாக்கிஸ்தானின் கராச்சிக்குச் சென்றனர். அப்போது சரீனா அயல்நாட்டில் இருந்தார். பிறந்த வீட்டுக்குத் திரும்பிவரலாம் என்று புறப்பட்ட மகளுக்குத் திரும்புவதற்கு வீடில்லாமற் போயிற்று. இந்த இழப்பு நேரே ஓவியமாக ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றன என்பது எண்ணத்தக்கது. 1994-இல் வெளிவந்த 'தந்தையின் வீடு 1898–1994' என்னும் அமில அரிப்பு அச்சில் அவர் அவ்வீட்டின் தரைப்படத்தை வரைந்தார். கட்டடக் கலைஞர் வரையும் படம் போன்றே அறைகளும் சுவர்களும் கோடுகளாக உள்ளன. அறைகளின் பெயர்கள் உருது மொழியில் எழுதப்பட்டுள்ளன.

முதல் நோக்கில் இது உணர்ச்சியற்ற வரைபடமாகத் தோன்றும். சற்று நின்று நோக்கினால் ஒன்று புலப்படும். தரைப்படம் என்பது கட்டப்படவிருக்கும் வீட்டுக்கு வரையப்படுவது; இங்கோ கையை விட்டுப் போன வீட்டுக்கு வரையப்பட்டுள்ளது. எந்த அறை எங்கே இருந்தது, எந்தக் கதவு எதை நோக்கித் திறந்தது என்பதைக் கால்களால் அறிந்திருந்த ஒருத்தி, அவ்வறிவை இழந்துவிடாதிருக்கக் கோடாக்கி வைத்திருக்கிறாள். கண்ணீரை வரைந்திருப்பின் பார்ப்பவர் இரங்கிவிட்டுச் சென்றிருப்பர். தரைப்படத்தை வரைந்தமையால் அவ்வீட்டினுள் நடந்து பார்க்க வேண்டியவராகின்றனர்.

முப்பத்தாறு சொற்கள்

சரீனாவின் படைப்புகளுள் தலையாயது 1999-இல் வெளிவந்த 'வீடு ஓர் அயலிடம்' என்னும் தொகுதி. முப்பத்தாறு மரக்கட்டை அச்சுகள் கொண்டது. ஓவியம் தீட்டிவிட்டுப் பெயர் சூட்டுவது பொது வழக்கம். இங்கே முறை தலைகீழாக உள்ளது. முதலில் அவர் சில உருதுச் சொற்களைப் பட்டியலிட்டார். வீடு, வாசற்படி, கதவு, முற்றம், வெப்பக் காற்று, எல்லை, மொழி போன்ற சொற்கள் அவை. அச்சொற்களைப் பாக்கிஸ்தானில் இருந்த எழுத்தணிக் கலைஞர் ஒருவரிடம் அனுப்பி நஸ்தாலிக் எழுத்தில் எழுதுவித்தார். அதன் பின்னரே ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வடிவத்தைத் தேடினார். சில கோடுகள், ஒரு கட்டம், ஒரு வட்டம் என்ற அளவிலேயே வடிவங்கள் நின்றுவிடுகின்றன.

தமிழ் மாணவர் இத்தொகுதியை நோக்கும்போது நிகண்டை நினைத்தல் கூடும். ஒரு சொல், அதற்கு ஒரு பொருள். ஆனால் இந்நிகண்டில் பொருள் சொல்லால் தரப்படவில்லை, கோட்டால் தரப்படுகிறது. உருது அறிந்தவர் சொல்லிலிருந்து கோட்டுக்குச் செல்வர். அறியாதவர் கோட்டிலிருந்து சொல்லை ஊகிப்பர். இருவருக்கும் வழி உண்டு. எழுத்தை அறியாதவரையும் வாயிலிலேயே நிறுத்திவிடாத இவ்வமைப்பு, நெஷாத்தின் ஒளிப்படங்களில் வாய்க்காத ஒன்றை இங்கே வாய்க்கச் செய்கிறது.

உருது இங்கே வெறும் எழுத்துருவாக வரவில்லை. விடுதலைக்குப் பின் வட இந்தியப் பள்ளிகளில் உருதுவின் இடம் சுருங்கியது. ஒரு காலத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து வளர்த்த மொழி, ஒரு சமயத்தாரின் மொழியாக மட்டும் எண்ணப்படலாயிற்று. தம் பிள்ளைகள் தலைமுறை படிக்க இயலாத எழுத்தில் ஓர் அன்னை எழுதும் நிலையை எண்ணிப் பார்த்தால், முப்பத்தாறு சொற்களை மரத்தில் செதுக்கியமையின் அவசரம் விளங்கும். தாய்மொழி வகுப்பில் நின்று கற்பிக்கும் ஆசிரியர் எவருக்கும் இது தொலைவான செய்தியன்று.

இத்தொகுதியில் முஸ்லிம் பெண்ணின் தன்னிலை எங்கே உள்ளது? வாசற்படியும் முற்றமும் பெண்களின் நாள் கழிந்த இடங்கள். வட இந்திய முஸ்லிம் குடும்பங்களின் பழைய வீட்டமைப்பில் உள்முற்றம் பெண்களின் வானம். வெளியிலிருந்து பார்ப்பவர் அதனைச் சிறை என்பர். உள்ளிருந்து வளர்ந்தவருக்கு அது விண்மீன்களைக் கண்ட இடமாகவும் இருந்திருக்கும். சரீனா அதனைப் புகழவும் இல்லை, பழிக்கவும் இல்லை, அளந்து வரைந்தார். பிறர் தீர்ப்புக்கு முன்னே தம் அளவைத் தாமே எடுத்துக்கொண்டார் எனலாம்.

உடன்பிறந்தாளின் மடல்கள்

2001-இல் வந்த 'பிரிக்கும் கோடு' என்னும் ஓர் அச்சை இவ்விடத்தில் காணுதல் வேண்டும். இந்தியாவுக்கும் பாக்கிஸ்தானுக்கும் இடையே சிரில் ராட்கிளிஃப் தலைமையிலான குழு வகுத்து, 1947 ஆகஸ்டு 17-ஆம் நாள் வெளியான எல்லையே அதன் பொருள். தாளில் வேறெதுவும் இல்லை. வளைந்து நெளியும் கரிய கோடு ஒன்று மட்டும் உள்ளது.

மரக்கட்டை அச்சின் செய்முறையை அறிந்தால் இப்படைப்பின் ஆழம் தெரியும். கட்டையில் செதுக்கி நீக்கிய பகுதி மை ஏற்காமல் வெற்றிடமாகும். நீக்காமல் விட்ட மேடு மையைப் பற்றிக் கருமையாகப் பதியும். எனவே எல்லைக் கோடு கருமையாக நிற்க வேண்டுமாயின், கோட்டின் இருபுறத்து நிலத்தையும் ஓவியர் தம் உளியாலேயே செதுக்கி அகற்ற வேண்டும். ஊர்களும் வீடுகளும் உறவுகளும் இருந்த இடம் அகன்று, கோடு மட்டும் எஞ்சுகிறது. பிரிவினை என்ன செய்ததோ அதனைக் கை மீண்டும் செய்து பார்க்கிறது. கருத்து முதலில் தோன்றிப் பின் கை அதனைப் படமாக்கிற்று என்று இப்படைப்பைப் பற்றிச் சொல்ல இயலாது. செதுக்கும் செயலே இங்குக் கருத்து.

2004-இல் வந்த 'வீட்டிலிருந்து மடல்கள்' எட்டு அச்சுகள் கொண்டது. கராச்சியில் வாழ்ந்த உடன்பிறந்தாள் ராணி, சரீனாவுக்கு எழுதி அஞ்சலில் சேர்க்காமல் வைத்திருந்த மடல்கள் பின்னர் சரீனாவிடம் வந்தன. பெற்றோர் மறைந்த செய்தி, வீடு விற்கப்பட்ட செய்தி, பிள்ளைகள் பிரிந்து சென்ற செய்தி ஆகியன அவற்றில் இருந்தன. சரீனா அம்மடல்களின் கையெழுத்தை அப்படியே அச்சாக்கி, அதன் மேல் வீட்டின் தரைப்படத்தையும் ஊரின் வரைபடத்தையும் கரிய வடிவங்களாகப் பதித்தார். மடல் தெரிகிறது, ஆனால் முழுதும் படிக்க இயலவில்லை. உருது அறிந்தவரும் சில வரிகளையே கூட்டிப் படிக்கலாம்.

இங்கே ஒரு நுட்பம் உள்ளது. நெஷாத்தின் படத்தில் எழுத்து முகத்தின் மேல் நின்று, பார்ப்பவரை நோக்கித் திரும்பியிருக்கிறது. சரீனாவின் படத்தில் எழுத்து வீட்டின் கீழ் அடங்கி, எழுதியவளுக்கும் பெற்றவளுக்கும் மட்டும் உரியதாக நிற்கிறது. இரு பெண்களுக்கிடையே நிகழ்ந்த பேச்சு உலகத்தின் முன் வைக்கப்பட்டும் காக்கப்பட்டிருக்கிறது. மறைத்தல் என்பது பெண்ணின் மேல் பிறர் இடும் கட்டளையாக இல்லாமல், பெண் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையாக ஆகும் இடம் இது. முகத்திரையை ஒருமுறையும் வரையாத ஓவியர், மறைவு என்னும் பொருளைப் பிறர் எவரினும் ஆழமாகத் தொட்டிருக்கிறார்.

குறையும் நிறையும்

திறனாய்வு புகழ்ச்சியோடு நின்றுவிடலாகாது. பிற்காலத்தில் சரீனா பொன் தகடும் தஸ்பீஹ் மணிமாலையும் கொண்ட படைப்புகளைச் செய்தார். 2010-இல் வந்த 'கண் கூசும் ஒளி' என்பதில் ஜப்பானியத் தாள் முழுதும் பொன்தகடு ஒட்டப்பட்டுள்ளது. இறைவனின் பேரொளியை நாடிய சூஃபி உள்ளம் அதிற் புலப்படுகிறது. பக்தியின் தூய்மையில் ஐயமில்லை. எனினும் பொன் என்றால் ஒளி, மணிமாலை என்றால் வழிபாடு என்னும் பொருள் முன்னரே எல்லாருக்கும் தெரிந்தது. தேடிக் கண்டடைந்த பொருளின் சுவை அதில் குறைவு. எட்டு மடல்களும் முப்பத்தாறு சொற்களும் தரும் வியப்பை அப்பொன் தரவில்லை.

மறுபுறம், 2003-இல் வந்த நகரங்களின் தொகுதி அவர் பார்வை தம் இழப்போடு சுருங்கிவிடவில்லை என்பதற்குச் சான்று. போராலும் வன்முறையாலும் சிதைந்த ஒன்பது நகரங்களின் வரைபடங்கள் அதில் உள்ளன. சாராஜெவோ, பாக்தாத், காபூல் ஆகியவற்றோடு அகமதாபாத்தும் நியூயார்க்கும் இடம்பெற்றுள்ளன. தாக்கியவர் யார், தாக்குண்டவர் யார் என்று சமயம் பார்த்துப் பிரிக்காமல், வீடிழந்தோர் அனைவரையும் ஒரே கோட்டின் முறையால் அவர் நினைவு கூர்ந்தார்.

பெயரும் கோடும்

முஸ்லிம் பெண் வரைந்தமையால் அவருடைய ஒவ்வொரு கோட்டிலும் சமயத்தைத் தேடுவதும் பிழையாகும். இதற்கு நஸ்ரீன் முகமதியின் கலை எச்சரிக்கையாக நிற்கிறது. சரீனா பிறந்த அதே 1937-இல் கராச்சியில் பிறந்த அவர், 1972 முதல் பரோடாவில் நுண்கலை கற்பித்து 1990-இல் மறைந்தார். எழுதுகோலும் மையும் அளவுகோலும் கொண்டு அவர் வரைந்த நுண்கோட்டுப் படங்களுக்குப் பெயர் இல்லை. பலவற்றில் ஆண்டும் இல்லை. சிலர் அவற்றில் இஸ்லாமியக் கட்டடக் கலையின் ஒழுங்கைக் கண்டனர். சிலர் பாலை நிலத்தின் வெறுமையைக் கண்டனர். சிலர் மேலைநாட்டு அருவ ஓவியத்தின் உறவைக் கண்டனர்.

சரீனா சொல் தந்து வழிகாட்டினார். நஸ்ரீன் சொல்லை முற்றும் விலக்கினார். ஒரே ஆண்டில் பிறந்து, ஒரே சமயத்தில் வளர்ந்து, கோட்டையே கருவியாகக் கொண்ட இருவர் இத்துணை வேறுபட்டனர். 'முஸ்லிம் பெண்ணின் அடையாளம்' என்று ஒருமையில் கூறும்போது எத்துணை பேரைக் காணாமற் செய்துவிடுகின்றனர் என்பதற்கு இவ்வேறுபாடே விடை.

மலாய் மண்ணும் தமிழ் மண்ணும்

இந்த ஆய்வை வட இந்தியாவோடும் நியூயார்க்கோடும் நிறுத்திவிட வேண்டியதில்லை. டெங்கிலுக்கு அண்மையில் பாங்கியில் அமைந்துள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு பணியாற்றியவர் சித்தி சைனோன் இஸ்மாயில். கோலாலம்பூரில் 1949-இல் பிறந்த அவர், இந்தோனேசியாவின் யோக்யாகர்த்தாவில் ஓவியம் பயின்றவர். கவிஞராகவும் ஓவியராகவும் விளங்கி, 2019-இல் நாட்டின் தேசிய இலக்கியவாணர் விருதைப் பெற்றார். 1971-ஆம் ஆண்டுத் தேசியப் பண்பாட்டு மாநாட்டுக்குப் பின், இந்நாட்டுக் கலைஞர் பலர் மலாய் மரபையும் இஸ்லாமிய வடிவங்களையும் நோக்கித் திரும்பிய காலத்தில் வளர்ந்தவர் அவர். அவருடைய தேடல் துணியின் வழியாகச் சென்றது. மலாய் மரபுக் கைவினை வடிவங்களைப் பற்றி 1986-இலும், நெசவுத் துணிகளைப் பற்றி 1994-இலும் வெளிவந்த அவர் நூல்கள், சொங்கேட்டும் பாத்திக்கும் வெறும் உடையல்ல, ஒரு மக்களின் காட்சிக்கலை என்பதை நிலைநாட்டின. அத்துணிகளை நெய்த கைகள் பெரும்பாலும் பெண்களின் கைகள். சரீனா வீட்டின் கோட்டில் தேடியதைச் சித்தி சைனோன் முன்னைப் பெண்களின் நூலிழையில் தேடினார்.

தமிழ் முஸ்லிம் பெண்களுக்கும் இத்தகைய வழி ஒன்று உண்டு. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள் கோரைப்பாய் நெய்கின்றனர். தாமிரபரணிக் கரைக் கோரையை நீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, சாயமேற்றி, பருத்தி நூல் பாவில் ஊடுகொடுத்து நெய்யும் அப்பாய், பட்டைப் போல் மடியக்கூடியது. புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. 1953-இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் சென்ற செய்தி இன்றும் பெருமையாகக் கூறப்படுகிறது. எந்தப் பெண்ணின் கை அதனை நெய்தது என்பதை அச்செய்தி கூறுவதில்லை.

சரீனா தம் அச்சுகளின் அடியில் கையொப்பம் இட்டார். பத்தமடைப் பெண் இடுவதில்லை. இருவர் கையிலும் கோடு உண்டு, அளவு உண்டு, பொறுமை உண்டு. ஒருவர் கலைஞர் என்றும் மற்றவர் தொழிலாளி என்றும் அழைக்கப்படுவதற்குக் காரணம் கையின் திறம் மட்டுமன்று. கல்வியும், பயணமும், பெயரிட்டுக்கொள்ளும் உரிமையும் ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமையே. பெண்ணின் தன்னிலையைப் பேசும் எந்தத் திறனாய்வும் இவ்வேற்றுமையைக் கடந்து செல்லலாகாது.

டெங்கிலில் கற்கத்தக்கது

இக்கலை டெங்கில் வட்டாரத்துத் தமிழ் மாணவருக்கு எதனைச் சொல்லும்? 1990-களில் புத்ராஜெயா நகரம் எழுந்தபோது, பெராங் பெசார் முதலிய நான்கு தோட்டங்களின் மக்கள் தம் குடியிருப்புகளை விட்டு டெங்கில் தாமான் பெர்மாத்தாவின் அடுக்குமாடி வீடுகளில் குடியமர்த்தப்பட்டனர். தலைமுறை தலைமுறையாகப் பால் மரம் வெட்டிய இடத்தில் இன்று அரசுக் கட்டடங்களும் ஏரியும் உள்ளன. பழைய தோட்டத்துக்கு வழி கேட்டால் சொல்ல எவரும் இல்லை. பாட்டிமார் நினைவில் மட்டும் அதன் தரைப்படம் உள்ளது.

சரீனாவின் பட்டியலைப் போல் அங்கும் ஒரு பட்டியல் உண்டு: அஞ்சடி, பிரட்டுக்களம், ஆயாக்கொட்டகை, கோயில் திடல், செம்மண் சாலை. இச்சொற்கள் சுட்டிய இடங்கள் மறைந்துவிட்டன. சொற்களும் மறையத் தொடங்கிவிட்டன. அடுக்குமாடியில் பிறந்த பிள்ளைக்கு அஞ்சடி என்றால் என்னவென்று தெரியாது. ஒரு மாணவன் தன் பாட்டியின் அருகிலமர்ந்து, அவர் சொல்லச் சொல்லத் தோட்டத்து வீட்டின் தரைப்படத்தை வரைந்து, அறைதோறும் தமிழ்ப் பெயரை எழுதுவானாயின், மொழிப் பாடமும் ஓவியப் பாடமும் வரலாற்றுப் பாடமும் ஒருங்கே நடந்துவிடும். ஒரு வெள்ளைத்தாளும் எழுதுகோலும் இதற்குப் போதும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. அலிகாரும் பெராங் பெசாரும் ஒன்றல்ல. சரீனாவின் வீடு பேராசிரியரின் வீடு. தோட்டத்து வீடோ நிருவாகத்தினுடையது, வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையில் இருந்தது. சரீனாவின் இழப்பில் சமயத்தின் பெயரால் பிரிந்த இரு நாடுகள் உள்ளன. தோட்ட மக்களின் இழப்பில் வளர்ச்சியின் பெயரால் எழுந்த நகரம் உள்ளது. 'எல்லாரும் வீடிழந்தவர்களே' என்று பொதுமைப்படுத்திவிட்டால், முஸ்லிம் பெண்ணாக அவர் பட்டதும் தெரியாமற்போகும். தோட்டத்துத் தமிழராக இவர்கள் பட்டதும் தெரியாமற்போகும். ஒப்பிடுவதன் பயன், தன் துன்பத்தைப் பிறர் முகத்தில் காண்பது மட்டுமன்று. பிறர் துன்பம் எவ்விடத்தில் தன்னுடையதிலிருந்து வேறுபடுகிறது என்று அறிவதும் ஆகும்.

உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நிலத்தைத் தமிழ் நிலத்தின் வளத்தோடு பாடினார் என்பதைத் தமிழாசிரியர் அறிவர். சமயமும் மண்ணும் மொழியும் ஒரே நெஞ்சில் குடியிருக்க இயலும் என்பதற்குத் தமிழில் அது பழைய சான்று. சரீனா உருதுவில் செய்ததும் அதனோடு உறவுடையதே. அவரை 'முஸ்லிம் ஓவியர்' என்றோ 'பெண் ஓவியர்' என்றோ 'இந்திய ஓவியர்' என்றோ ஒரு சொல்லில் அடைப்பார்க்கு அந்த முப்பத்தாறு அச்சுகள் மறுமொழி கூறுகின்றன. தாம் யார் என்பதற்கு அவர் ஒற்றைச் சொல்லைத் தரவில்லை. கதவும் முற்றமும் உள்ள ஒரு வீட்டின் அளவுகளைத் தந்தார். அவற்றைக் கொண்டு அவ்வீட்டினுள் செல்வது பார்ப்பவர் கடமை. வாசற்படியில் சற்று நின்று, இசைவு கேட்டு, பின் உள்ளே செல்லுதல் வேண்டும்.